ஒருத்தியைப் பேசவைத்தேன், ஒருத்தியை அடக்கிவைத்தேன்

மட்டக்களப்பில் பெண்களின் கதையை எழுதுகிறவள் என்று எனக்கு ஒரு பெயர் இருக்கிறது. அந்தப் பெயரை வைத்துக்கொண்டு இரண்டு பெண்களுக்கு நான் செய்ததை இங்கே எழுதுகிறேன். ஒருத்தி முஸ்லிம். தயங்கி நின்றவளைப் பேசச்சொல்லித் தூண்டினேன். மற்றவள் தமிழ்ப்பெண். தானாகப் பேச வந்தவளை வாய் திறக்கவிடாமல் திருப்பி அனுப்பினேன். இரண்டு நேரமும் நான் சொன்ன நியாயங்கள் ஒன்றுக்கொன்று நேர் எதிரானவை. அது எனக்கு அப்போது உறைக்கவேயில்லை. தெரியாமல் செய்த பிழை என்று சொல்லித் தப்பவும் வழியில்லை. முரண்பாடு உள்ள மண்ணில் எப்படிச் செய்தி எழுதவேண்டும், பெண்களைப் பற்றி எப்படி எழுதவேண்டும் என்று இளம் செய்தியாளர்களுக்கு வகுப்பெடுத்தவள் நான்.

முஸ்லிம் பெண்ணை 2019 ஜனவரியில் சந்தித்தேன். ஊரைச் சொல்லமாட்டேன். கணவன் தலாக் சொல்லிவிட்டுப் போய் வேறு குடும்பம் நடத்தினான். பிள்ளைகளின் தாபரிப்புப் பணத்துக்காக அவள் காதி நீதிமன்றத்துக்கு அலைந்துகொண்டிருந்தாள். 1951ஆம் ஆண்டின் முஸ்லிம் விவாக, விவாகரத்துச் சட்டத்தைத் திருத்துவதா விடுவதா என்று நாட்டில் சூடாக விவாதம் நடந்த காலம் அது. அந்தச் சட்டத்தின்படி ஒரு பெண் காதியாக வரமுடியாது. காதி முன்னால் சட்டத்தரணி தோன்ற முடியாது. திருமணப் பதிவில் மணப்பெண்ணின் கையெழுத்துக்கு அவசியமில்லை. 12 வயதுக்குக் குறைந்த சிறுமியைக்கூடக் காதியின் அனுமதி வாங்கிக் கட்டிக்கொடுக்க இடமிருந்தது. 2009இல் நியமிக்கப்பட்ட சலீம் மர்சூப் குழு 2018 ஜனவரியில்தான் அறிக்கையைக் கொடுத்தது. அதிலும் உறுப்பினர்கள் இரண்டு பக்கமாகப் பிரிந்து நின்றார்கள். இந்த இழுபறிக்கு நடுவில் முஸ்லிம் பெண்கள் சிலர் வெளியே வந்து, சொந்தச் சமூகத்தாரின் ஏச்சையும் வாங்கிக்கொண்டு பேசினார்கள். இவளும் பேசலாமா என்று யோசித்துக்கொண்டிருந்தாள்.

“இப்ப இத எழுதினா எங்கட ஆக்களுக்கு ஏதும் வருமா அக்கா?” என்று கேட்டாள்.

அவள் பயந்ததற்குக் காரணம் இருந்தது. அதற்கு முந்திய வருடம் பெப்ரவரியில் அம்பாறையில், முஸ்லிம் சாப்பாட்டுக் கடையொன்றில் சிங்களவரை மலடாக்கும் மருந்து கலக்கிறார்கள் என்று கதை கட்டி, கடையையும் பள்ளிவாசலையும் அடித்து நொறுக்கினார்கள். அரச பகுப்பாய்வாளர் சோதித்தபோது அது வெறும் மாவுக்கட்டி. சில நாட்களுக்குள் கண்டிப் பக்கம் திகனையில் வீடுகளும் கடைகளும் எரிந்தன. ஊரிலே உட்கார்ந்து இதையெல்லாம் கைப்பேசியில் பார்த்தவள் கேட்ட கேள்வி அது.

நான் அவளுக்கு ஒரு பிரசங்கமே செய்தேன். உண்மையைச் சொல்வதால் எந்தச் சமூகமும் அழிந்துபோகாது, மூடிவைத்தால்தான் அழுகும், பெண்கள் பேசாமல் எந்தச் சட்டமும் மாறினதில்லை என்றேன். நானும் பெண்தானே தங்கச்சி, உனக்குக் கெடுதல் வரவிடுவேனா என்றும் சொன்னேன். அவள் நம்பினாள்.

நீண்ட நேரம் கதைத்தாள். தன் கதையோடு மூன்று விஷயங்களைக் கட்டாயம் போடச்சொன்னாள். முதலாவது, அவள் மார்க்கத்தைக் குறை சொல்லவில்லை. “அந்தச் சட்டத்த அல்லாஹ் இறக்கல்ல அக்கா, பாராளுமன்றத்திலதான் செஞ்ச. அங்கயே மாத்தட்டும்” என்றாள். சட்டக் கல்லூரியில் வைத்துப் படிப்பிக்கவேண்டிய வாக்கியம் என்று அன்று நினைத்தேன். இரண்டாவது, 1990இல் அவள் குடும்பம் இழந்தது. மூன்றாவது, காதி நீதிமன்றத்துக்குப் போகப் பஸ் காசில்லாமல் நின்ற மாதத்தில், பக்கத்து ஊர்த் தமிழ்ப் பெண்களும் இவளும் சேர்ந்து போட்ட சீட்டில் முதல் தவணையையே இவளுக்கு விட்டுக்கொடுத்தது அந்தத் தமிழ்ப் பெண்கள்தான்.

1990 பற்றி ஒரு வார்த்தை. அந்த வருடம் ஓகஸ்ட் 3ஆம் திகதி காத்தான்குடிப் பள்ளிவாசல்களில் தொழுதுகொண்டிருந்த நூற்றுக்கும் மேற்பட்ட ஆண்களும் சிறுவர்களும் சுட்டுக்கொல்லப்பட்டார்கள். சில நாளில் ஏறாவூர். செப்ரெம்பர் 9ஆம் திகதி சத்துருக்கொண்டானில் தமிழர்கள், குழந்தைகள் உட்பட. அந்த இரண்டு மாதத்துக்குள் எங்கள் மாவட்டத்தில் இரண்டு சமூகமும் ஒன்றையொன்று பார்க்கும் பார்வையே மாறிப்போனது. எங்கள் குடும்பத்திலும் அந்த வருடம் பிடித்துக்கொண்டு போன மாமா திரும்பி வரவில்லை. எனக்கு அப்போது பதினொரு வயது. அம்மம்மா சாகும்வரைக்கும் அவருக்கு ஒரு கோப்பை எடுத்து வைத்தாள். அந்த முஸ்லிம் பெண்ணின் 1990ஐ நான் கேட்டபோது என்னுடைய 1990 எனக்குள்ளே எழும்பி நின்றது. அவள் சொல்லி முடித்ததும் ஆறுதலாக ஒரு வார்த்தை சொல்லாமல் அடுத்த கேள்விக்குப் போனேன். குறிப்புப் புத்தகத்தில் அந்த இடத்தில் எழுத்தும் குறைவாகத்தான் இருக்கிறது.

கட்டுரை உடனே வரவில்லை. இடம் கிடைக்கும்போது போடலாம் என்று கிடந்தது.

ஏப்ரல் 21, உயிர்த்த ஞாயிறு. இஸ்லாமியத் தீவிரவாதிகளின் தற்கொலைக் குண்டுகள். மூன்று தேவாலயங்கள், கொழும்பில் மூன்று ஹோட்டல்கள், 260க்கும் மேற்பட்ட உயிர்கள். எங்கள் ஊரில் சியோன் தேவாலயம். ஞாயிறு வகுப்பு முடிந்து வெளியே நின்ற பிள்ளைகள். அந்தச் சின்னப் பெட்டிகளுக்குப் பக்கத்தில் நின்று நான் குறிப்பெடுத்தேன். அந்தக் கோபம் எனக்கும் இருந்தது. மனிதர்களுக்கு வரவேண்டிய கோபம்தான். ஆனால் அந்தக் கோபத்தோடு மேசைக்கு வந்து உட்கார்ந்தேன் என்பதை ஒப்புக்கொள்ளவேண்டும்.

அதற்குப் பிறகு நடந்ததெல்லாம் பெண்களின் உடுப்பில் வந்து நின்றது. ஏப்ரல் 29ஆம் திகதி அவசரகால விதியின் கீழ் முகம் மூடுவதைத் தடைசெய்தார்கள். முகமே மூடாத பெண்களைக்கூட வைத்தியசாலை வாசலில், பாடசாலை வாசலில் மறித்தார்கள். முக்காட்டைக் கழற்றச் சொன்னார்கள். மட்டக்களப்பில் முஸ்லிம் கடைக்குப் போகாதே, முஸ்லிமின் ஆட்டோவில் ஏறாதே என்ற பேச்சு பரவியது. மே 13ஆம் திகதி வடமேல் மாகாணத்திலும் மினுவாங்கொடையிலும் முஸ்லிம்களின் வீடுகளும் கடைகளும் எரிந்தன. அந்தக் கிழமைகளில்தான் ஆசிரியபீடத்தில் கேட்டார்கள்: முஸ்லிம் பெண்களின் பிரச்சினை பற்றி ஏதாவது கைவசம் இருக்கிறதா என்று.

இருக்கிறது என்றேன். அவளிடம் போய்த் திரும்பக் கேட்கவில்லை. தொலைபேசியில்கூடக் கேட்கவில்லை. ஜனவரியில் சம்மதித்தவள்தானே என்று எடுத்துக்கொண்டேன். அவள் சம்மதம் கொடுத்தது ஜனவரி மாதத்து இலங்கைக்கு. ஒரு செய்தியாளருக்கு இது விளங்காமல் போகுமா என்று கேட்பீர்கள். எனக்கு விளங்கியிருந்தது என்றுதான் இன்று நினைக்கிறேன். கேட்டால் மறுத்துவிடுவாள் என்று தெரிந்ததால்தான் கேட்கவில்லை.

சுருக்கச் சொன்னார்கள், சுருக்கினேன். அவள் கட்டாயம் போடச்சொன்ன மூன்றையும் வெட்டினேன். சட்டத்தை இறக்கியது அல்லாஹ் இல்லை என்ற வாக்கியம் போனது. 1990 போனது. சீட்டுப் போட்ட தமிழ்ப் பெண்கள் போனார்கள். எஞ்சியது ஒரு முஸ்லிம் ஆணின் கொடுமையும் அழுதுகொண்டிருக்கும் ஒரு முஸ்லிம் பெண்ணும். இடமில்லை என்று அன்று எனக்கே சொல்லிக்கொண்டேன். இடம் இருந்தது. கட்டுரையோடு வந்த படம் கால் பக்கத்தைப் பிடித்தது. முகத்தை முழுதாக மூடிய யாரோ ஒரு பெண்ணின் படம். இந்த நாட்டில் எடுத்த படம்கூட இல்லை. நான் கதைத்தவள் சேலைத் தலைப்பால் முக்காடு போடுகிறவள். ‘கட்டுண்டு கிடக்கும் முஸ்லிம் பெண்கள்’ என்ற தலைப்பை வைத்தது ஆசிரியர் இல்லை, நான்.

பெயரைப் போடவில்லை. ஊரையும் போடவில்லை. ஆனாலும் மூன்று சின்ன விவரங்களை விட்டிருந்தேன். அவை எவை என்று மறுபடி எழுதமாட்டேன். பத்திரிகை வந்த அன்று பின்னேரமே ஊருக்குள் ஆளைக் கண்டுபிடித்துவிட்டார்கள். சமூகம் அடிவாங்கும் நேரத்தில் காட்டிக்கொடுத்தவள் என்றார்கள். தமிழ் முகநூல் பக்கமொன்று, முஸ்லிம் கடைகளைப் பகிஷ்கரிக்கச் சொல்லும் பதிவோடு சேர்த்து என் கட்டுரையைப் பகிர்ந்தது. யாரோ அதைச் சிங்களத்திலும் போட்டார்கள். அவளுடைய சகோதரனின் கடைக்குத் தமிழ் வாடிக்கையாளர் வருவது ஏற்கெனவே நின்றிருந்தது. அதற்கும் அவளைத்தான் பேசினார்கள். காதி நீதிமன்றத்துக்குப் போவதை அவள் நிறுத்தினாள். பிள்ளைகளின் தாபரிப்பு வழக்கு அந்த இடத்தில் நின்றது.

அதே மாதம் 23ஆம் திகதி ஒரு சிங்கள நாளிதழின் முதற்பக்கத்தில் வந்த செய்தியை நாடே அறியும். முஸ்லிம் மருத்துவர் ஒருவர் சிசேரியன் செய்யும்போது 4,000 சிங்கள பௌத்தத் தாய்மாரை மலடாக்கினார் என்றது. குருநாகலில் மருத்துவர் கைதானார். நூற்றுக்கணக்கான பெண்கள் முறைப்பாடு கொடுக்க வரிசையில் நின்றார்கள். ஆதாரம் எதுவும் கிடைக்கவில்லை என்று குற்றப் புலனாய்வுத் திணைக்களம் பிறகு நீதிமன்றத்துக்கு அறிவித்தது. அந்த வரிசையில் நின்ற பெண்களை நினைத்தால் எனக்கு இன்றும் மனம் கலங்கும். இரண்டாவது பிள்ளை தங்காத கவலை, பிரசவ விடுதியில் யாரும் ஒழுங்காக விளக்கம் சொல்லாத கவலை என்று உண்மையான கவலைகளோடு வந்திருக்கிறார்கள். அந்தக் கவலையை யாரும் கேட்கவில்லை. அவர்களுடைய கருப்பையை மட்டும் இனத்தின் கணக்கில் எழுதினார்கள்.

அந்தச் செய்தியும் என் கட்டுரையும் ஒன்றில்லை என்று வெகுநாள் வாதாடினேன். என்னுடையதில் பொய்யாக ஒரு வரி இல்லை. ஆனாலும் வாசித்தவர்களின் கையில் இரண்டும் ஒரே வேலையைத்தான் பார்த்தன. ருவாண்டாவில் கங்குரா என்ற பத்திரிகை 1990 டிசம்பரில் ஹூட்டுக்களுக்குப் பத்துக் கட்டளைகள் போட்டது. அதில் முதலாவது கட்டளையே துட்சிப் பெண்ணைப் பற்றியது. அவளைக் கட்டுகிறவன், அவளோடு பழகுகிறவன், அவளை வேலைக்கு வைக்கிறவன் எல்லாம் துரோகி என்றது. இனப்படுகொலை தொடங்க அப்போது மூன்று வருடத்துக்கு மேல் இருந்தது. அந்தப் பத்திரிகையின் ஆசிரியரை 2003இல் அருஷாவில் ருவாண்டாவுக்கான சர்வதேசக் குற்றவியல் தீர்ப்பாயம் குற்றவாளியாகக் கண்டது. இதை நான் வகுப்பில் சொல்லிக்கொடுத்திருக்கிறேன். அங்கே நடந்ததையும் இங்கே நான் செய்ததையும் ஒரே தட்டில் வைக்க வரவில்லை. சமூகங்களைப் பிரிக்க நினைக்கிறவர்கள் முதலில் பெண்ணிடம்தான் வருவார்கள் என்பது எனக்கு நன்றாகத் தெரிந்திருந்தது. தெரிந்துகொண்டே அவளை அவர்கள் கையில் எடுத்துக் கொடுத்தேன்.

மற்றவளின் கதை அதற்குச் சில வருடம் முந்தியது. என் அலுவலகத்துக்கு அவளாகவே வந்தாள், கையில் கட்டோடு. அவள் கணவன் காணி மீட்புப் போராட்டத்தில் முன்னுக்கு நின்றவர். ஊரில் கோயில் பொறுப்பும் அவரிடம் இருந்தது. பொலிஸில் பெண்கள், சிறுவர் பிரிவுக்குப் போயிருக்கிறாள். வீட்டுப் பிரச்சினையை வீட்டில் பேசித் தீர்க்கச் சொல்லியிருக்கிறார்கள். இணக்கசபைக்குப் போயிருக்கிறாள். அவரைப் போன்ற பெரிய மனிதரைப் பிள்ளை அனுசரித்துப் போகவேண்டும் என்று அங்கே புத்தி சொல்லியிருக்கிறார்கள். வீட்டு வன்முறையைத் தடுக்கும் சட்டம் 2005இலேயே வந்துவிட்டது. அதன் கீழ் நீதவானிடம் பாதுகாப்புக் கட்டளை கேட்கலாம் என்று அவளுக்கு ஒருவரும் சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை.

“அவர் மேடையில பேசுறத எழுதுறீங்கதானே மிஸ். வீட்ட வந்து பேசுறதயும் எழுதுங்களன்” என்றாள்.

நான் சொன்னது இது: “இப்ப வேண்டாம் தங்கச்சி. இப்ப இத எழுதினா காணிப் பிரச்சினைய அப்படியே அமுக்கிப்போடுவானுகள். எங்கட சனத்துக்குத்தான் கூடாது.”

“அப்ப எப்ப மிஸ்?”

காணிப் பிரச்சினை முடியட்டும் என்றேன். அவள் அழவில்லை, கோபிக்கவும் இல்லை. தேநீரைக் குடித்துவிட்டு எழுந்து போனாள். அடுத்த வருடம் பிள்ளைகளைத் தாயிடம் விட்டுவிட்டு, குடும்பப் பின்னணி அறிக்கைக்குக் கையெழுத்து வாங்கிக்கொண்டு குவைத்துக்கு வீட்டு வேலைக்குப் போனாள். கணவனின் பேச்சுக்களை நான் தொடர்ந்து எழுதினேன். பெண்கள் இந்தப் போராட்டத்தின் முதுகெலும்பு என்று அவர் ஒருமுறை பேசியதைக் கட்டம் கட்டிப் போட்டோம்.

முஸ்லிம் பெண் கேட்ட கேள்வியைத்தான் நான் தமிழ்ப்பெண்ணுக்குப் பதிலாகச் சொல்லியிருக்கிறேன். எங்கட ஆக்களுக்கு ஏதும் வருமா என்று அவள் பயந்தபோது, உண்மை எந்தச் சமூகத்தையும் அழிக்காது என்றேன். என் சமூகத்துக்கு என்று வந்தபோது உண்மையைப் பொறுத்திருக்கச் சொன்னேன். முஸ்லிம் கணவனின் குற்றம் ஒரு சமூகத்தின் குற்றமாக என் பத்திரிகையில் ஏறியது. தமிழ்க் கணவனின் குற்றம் வீட்டுக்குள்ளேயே இருந்தது. என் செய்தியறையில் இது எனக்கு மட்டும் உரிய பழக்கமும் இல்லை. ‘முஸ்லிம் வர்த்தகர் கைது’ என்று போடுவோம், மற்ற நேரம் ‘வர்த்தகர் கைது’ என்போம். செம்மணியில் 1996இல் ஒரு பாடசாலை மாணவிக்கு இராணுவத்தினர் செய்ததை, எழுதவேண்டிய ஆவேசத்தோடு எழுதினார்கள் எங்கள் மூத்தவர்கள். அது சரியானது. 2015இல் புங்குடுதீவில் எங்கள் பெடியன்களே ஒரு மாணவியைக் கொன்றபோது, அந்தப் பிள்ளையின் உடலைப் படமாகச் சுற்றவிட்டதில் தமிழ் இணையத்தளங்களுக்கும் பங்கிருந்தது. பாலியல் குற்றத்துக்கு ஆளானவரை அடையாளம் காட்டுவது இந்த நாட்டில் 1995இலிருந்தே தண்டனைக்குரிய குற்றம். வன்முறை செய்தவன் எந்தப் பக்கத்தான் என்பதைப் பார்த்து, பெண்ணின் உடலை எப்படிக் காட்டுவது என்று முடிவெடுத்திருக்கிறோம்.

சமாதான ஆய்வாளர் யோஹான் கால்டுங் வரைந்த அட்டவணை ஒன்று உண்டு. போர் ஊடகவியல் ஒரு பக்கம், சமாதான ஊடகவியல் மறுபக்கம். போர் ஊடகவியல் எதிர்த்தரப்பின் பொய்யை வெளியே இழுக்கும், தன் தரப்பு மூடி மறைப்பதற்குக் கைகொடுக்கும். சமாதான ஊடகவியல் எல்லாத் தரப்பு மறைப்பையும் திறக்கும். போர்நிறுத்தக் காலத்தில் இதைப் படித்தேன். பிறகு நானே கரும்பலகையில் வரைந்து காட்டியிருக்கிறேன், இந்த இரண்டு பெண்களையும் சந்தித்ததற்கு நடுவிலான வருடங்களிலும்கூட. வரைந்துவிட்டு மாணவர்களிடம் உதாரணம் கேட்பேன். அவர்கள் சிங்களப் பத்திரிகைகளிலிருந்து உதாரணம் சொல்வார்கள். நான் தலையாட்டுவேன். ஒருமுறை பின்வரிசையில் இருந்த பிள்ளையொருத்தி, நம்முடைய பத்திரிகையில் இருந்து சொல்லலாமா மிஸ் என்று கேட்டாள். நேரமாகிவிட்டது என்று நான் வகுப்பை முடித்தேன். உண்மையிலேயே நேரம் ஆகியிருந்ததா என்று எனக்கு நினைவில்லை. ஆனால் அந்தப் பிள்ளையின் முகம் நினைவிருக்கிறது.

இன்னும் பின்னால் போனால் 2003. நான் அப்போது புதியவள். முந்திய டிசம்பரில் ஒஸ்லோவில் நடந்த பேச்சுவார்த்தையில், பால்நிலை விவகாரங்களுக்கு ஓர் உபகுழு அமைக்க முடிவானது. அரசு தரப்பில் ஐந்து பெண்கள், புலிகள் தரப்பில் ஐந்து பெண்கள். அந்தப் பக்கம் குமாரி ஜயவர்தன, இந்தப் பக்கம் தமிழினி. மார்ச் மாதம் கிளிநொச்சியில் கூடினார்கள். பிரதான பேச்சுவார்த்தையில் முஸ்லிம்களுக்குத் தனித் தரப்பு இல்லை என்ற சண்டை நடந்துகொண்டிருந்த நேரம் அது. இந்தப் பெண்களின் மேசையில் முஸ்லிம் பெண்கள் இருந்தார்கள், அரசு நியமித்தவர்களாகவேனும். மீள்குடியேற்றம், பெண்களின் பாதுகாப்பு, தொழில், அரசியலில் பங்கு, நல்லிணக்கம் என்று விடயங்களை ஒழுங்குபடுத்தினார்கள். ஒருபக்கம் அவரவர் தரப்புக்குக் கட்டுப்பட்டவர்கள்தான். ஆனாலும் இருபது வருடச் சண்டைக்குப் பிறகு பெண்கள் இப்படி உட்கார்ந்தது அதுதான் முதல்தடவை. ஏப்ரலில் புலிகள் பேச்சுவார்த்தையை இடைநிறுத்தினார்கள், குழுவும் அதோடு போனது.

நான் அதைப் பற்றிப் பத்து வரி எழுதினேன். எட்டாம் பக்கத்தில் வந்தது. அதே கிழமை இரண்டு தரப்பு ஆண்களும் ஒருவரையொருவர் குற்றம் சாட்டிய அறிக்கைகளுக்கு முழுப் பக்கம் கொடுத்தோம். அந்தப் பெண்கள் என்ன பேசினார்கள், எதில் ஒத்துப்போனார்கள், எதில் முட்டிக்கொண்டார்கள் என்று நான் ஒருவரிடமும் கேட்கவில்லை. சண்டை இல்லாத இடத்தில் செய்தி இல்லை என்று பழகியிருந்தேன். உலகம் முழுதும் இப்படித்தான் என்று ஆறுதல் சொல்லிக்கொள்ளலாம். 2020ஆம் ஆண்டின் உலக ஊடகக் கண்காணிப்பில், செய்தியில் பேசுகிறவர்களும் பேசப்படுகிறவர்களுமாக வந்தவர்களில் பெண்கள் நூற்றுக்கு 25 பேர்தான். ஆனால் எங்கள் பக்கத்தில் பெண்கள் செய்தியில் வராமல் போகவில்லை. பலியாக வந்தார்கள், அழுகிறவர்களாக வந்தார்கள். புகைப்படக்காரரிடம், அழுகிற தாய் ஒருவரை எடுங்கள் என்று நானே சொல்லியிருக்கிறேன். பேரம் பேசுகிறவர்களாக, முடிவெடுக்கிறவர்களாக, சண்டையைத் தணிக்கிறவர்களாக அவர்களைப் போட்டதில்லை.

2019 மே மாதம் அந்தச் சீட்டு உடையவில்லை. இதைத்தான் நான் எழுதியிருக்கவேண்டும். தமிழ்ப் பெண்களும் முஸ்லிம் பெண்களும் சேர்ந்து போட்ட சீட்டு, இரண்டு ஊரின் ஆண்களும் எல்லையில் கூட்டம் கூட்டமாக நின்ற கிழமையிலும் நடந்தது. காசை நேரில் கொண்டுபோக முடியாததால் வைத்தியசாலையில் வேலைசெய்யும் ஒரு பெண் இரண்டு பக்கமும் வாங்கிக் கொடுத்தாள். காத்தான்குடிச் சந்தைக்கு மரக்கறி கொண்டுபோகும் தமிழ்ப் பெண்கள், பகிஷ்கரிப்பால் தங்கள் வயிற்றில்தான் அடி விழுகிறது என்று ஊர்த் தலைவர்களிடம் போய்ச் சண்டை பிடித்தார்கள். சூரியா பெண்கள் அபிவிருத்தி நிலையம் போன்றவை 1990களிலிருந்து மட்டக்களப்பில் தமிழ், முஸ்லிம் பெண்களோடு சேர்ந்து செய்துவந்த வேலையின் பலன் இப்படிப்பட்ட இடங்களில்தான் தெரியும். எனக்கு இது எல்லாம் தெரியும். என் தகவல்காரர்கள் சொன்னார்கள். நல்ல விஷயம் என்று கேட்டுக்கொண்டேன். செய்தியாக எனக்குத் தோன்றவில்லை.

இதை எழுதியிருந்தால் பெரிதாக என்ன மாறியிருக்கும் என்று கேட்கிறவர்கள் உண்டு. கடை எரிப்பவனை ஒரு கட்டுரை தடுக்காது. ஆனால் நாங்கள் மட்டும்தான் அந்தப் பக்கத்தாரோடு பழகுகிறோம், வெளியே தெரிந்தால் துரோகி என்பார்கள் என்று ஒவ்வொரு ஊரிலும் தனித்தனியே பயந்துகொண்டிருந்த பெண்கள், தங்களைப்போல் பலர் இருப்பதைப் பத்திரிகையில் பார்த்திருப்பார்கள். பகிஷ்கரிப்பை ஊர் முழுதும் ஏற்றுக்கொண்டது என்ற பொய்யாவது உடைந்திருக்கும். அந்தப் பொய்யை நாங்கள் தினமும் அச்சடித்தோம். ஊர் மக்கள் தீர்மானம் என்று எழுதினோம். அந்தக் கூட்டங்களில் ஒரு பெண்ணும் இருக்கவில்லை.

முஸ்லிம் பெண்ணிடம் போக எனக்கு வெகுகாலம் எடுத்தது. கொரோனா, முடக்கம், எரிபொருள் இல்லை என்று எனக்குக் காரணங்கள் கிடைத்துக்கொண்டே இருந்தன. கடைசியில் போனபோது வாசலிலேயே நிற்கவைப்பாள் என்று நினைத்தேன். உள்ளே கூப்பிட்டாள். நான் மன்னிப்புக் கேட்டேன். அவள் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

“மன்னிப்ப வெச்சி நான் என்ன செய்ய? அந்த மூணையும் ஏன் எடுத்த எண்டு செல்லுங்க” என்றாள்.

இடமில்லை என்று அவளிடம் சொல்ல வாய் வரவில்லை. உங்கள் மார்க்கத்தைப் பற்றி நீ சொன்னதைப் போட்டால் எங்கள் ஆட்களின் கோபம் தணிந்துவிடும், அந்த நேரம் அது தணியவேண்டாம் என்று எனக்குள்ளே இருந்தது என்றேன். 1990ஐ எடுத்தது, உன் இழப்பைப் போட்டால் அதைச் செய்தது யார் என்று எழுதவேண்டி வரும் என்பதால் என்றேன். அவள் சிறிது நேரம் பேசாமல் இருந்துவிட்டு என்னைப் பார்த்து, உங்கட வீட்டில யாரும் போனாங்களா என்று கேட்டாள். மாமாவைப் பற்றிச் சொன்னேன். ஜனவரியில் நடந்திருக்கவேண்டிய பேச்சு அது.

என்னைப் பற்றித் திரும்ப எழுதாதீங்க, நீங்க என்ன செஞ்ச எண்டு எழுதுங்க என்றாள். இந்தக் கட்டுரையை அச்சுக்குக் கொடுக்குமுன் அவளுக்கு வாசித்துக் காட்டினேன். இரண்டு வரியை எடுக்கச் சொன்னாள், எடுத்துவிட்டேன். சட்டம் மாறவேண்டும் என்பதில் அவள் இன்னும் நிற்கிறாள், பயந்து பின்வாங்கியதாக யாரும் நினைக்கக்கூடாது. இதைச் சேர்க்கச் சொன்னதும் அவள்தான்.

தமிழ்ப்பெண்ணுக்குக் கட்டுரையை வாட்ஸ்அப்பில் அனுப்பினேன். வேலை முடிந்து இரவில்தான் கேட்க நேரம் கிடைக்கும் என்று குரலில் பதிவுசெய்து அனுப்பச் சொன்னாள். கேட்டுவிட்டு, கையில் கட்டோடு வந்ததைப் போடுங்கள், பல்லு உடைந்ததையும் போடுங்கள் மிஸ் என்றாள். பல்லு உடைந்ததை அன்று நான் கவனிக்கவேயில்லை. வருடக் கடைசியில் ஊருக்கு வருகிறாள். நீதவான் நீதிமன்றத்தில் பாதுகாப்புக் கட்டளை கேட்கப்போகிறாள், சட்டத்தரணி ஒருவரோடு தொடர்புபடுத்தியிருக்கிறேன். அவள் சம்மதித்தால் அது எங்கள் பத்திரிகையில் வரும். கணவர் வகிக்கும் பொறுப்புகளோடு, அவரிடமும் பதில் கேட்டு வரும். போராட்டக் குழுவில் இருக்கும் சிலருக்கு இப்போதே தெரிந்து, இப்ப வேண்டாமே என்று எனக்கு அழைப்பு வந்துவிட்டது. காணிப் போராட்டத்தைப் பற்றியும் தொடர்ந்து எழுதுவேன், இதையும் எழுதுவேன் என்று அவர்களிடம் சொல்லியிருக்கிறேன்.